பட்டியலில் வராத அறுபத்தொரு பேர்

செம்மேடு, கொல்லிமலை
செப்டம்பர் 8, திங்கள்

அன்புள்ள கோகிலாவுக்கு,

மெர்சி எழுதுகிறேன். நீ கொல்கத்தா போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. விடுதிச் சாப்பாட்டின் கடுகெண்ணெய் வாடை இப்போதாவது பழகியிருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு இங்கே சளியும் இருமலும்தான் துணை. ஒரு வாரமாக வெயிலைக் கண்ணால் பார்க்கவில்லை. துவைத்த துணி காயாமல் அலுவலகத்தில் பிரிண்டர் மேலேயே விரித்துப் போட்டிருக்கிறேன். நம் திட்ட அலுவலர் ஓம்பிரகாஷ் சார் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறார். நல்ல மனிதர்.

மெயில் போடாமல் எதற்கு இவள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்பாய். மெயில் என்றால் அது ஆவணம், நாளைக்கு யாராவது கேட்டால் நீ எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். இது உனக்கு மட்டும். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதக் கடைசியில் இடி விழுந்து நம் பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. நீ திட்டித் திட்டி வேலை வாங்குவாயே, அதேதான். புதிதாக வந்த லேப்டாப்பில், ரத்தப் பரிசோதனைக் கணக்கைப் பிரிக்க நாம் இருவரும் எழுதிய ஸ்கிரிப்டை மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. புது இயந்திரம் எப்படி நடந்துகொள்கிறது பார்ப்போம் என்று, மொத்தமாக ஓட விடாமல் எனக்கு வேண்டிய வரிகளை மட்டும் ஒவ்வொன்றாக ஓட்டினேன். டிசம்பரில் எடுத்த மூன்றாம் சுற்று அட்டவணை வந்ததும் சிவப்பு எழுத்தில் ஒரு வார்னிங். அறுபத்தொரு வரிகளில் குறியீடு பேட்டர்னுக்குப் பொருந்தவில்லை என்றது.

இனி எழுதுவது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் கூட்டத்தில் கணக்குத் தெரியாதவர்களுக்கும் நான் இதைச் சொல்லியாக வேண்டும், அதனால் உன்மேல் ஒத்திகை பார்க்கிறேன். நம் குறியீடு எப்படி இருக்கும்? திபு-02-05-3. உன் திருப்புலி நாடு (மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு), இரண்டாவது ஊர், ஐந்தாவது பெண், மூன்றாவது சுற்று. தமிழ் எழுத்திலேயே இருக்கட்டும், களத்தில் எழுதுகிறவர்கள் தடுமாற மாட்டார்கள் என்று பிடிவாதம் பிடித்தது நீ. எட்டு நாடுகளிலிருந்தும் கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோருடைய ரத்த அளவும், அதாவது ஹீமோகுளோபின், வந்து ஒரே நீள அட்டவணையில் விழும். ஸ்கிரிப்ட் குறியீட்டை நான்காக உடைத்து நான்கு பத்திகளில் போடும். பிறகு நாடு வாரியாக அட்டவணையைப் பிரிக்கும். அதற்கும் பிறகு ஒவ்வொரு பெண்ணையும் ஒரே வரியில் நிறுத்தி, அவளுடைய மூன்று சுற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். அதிலிருந்து இரண்டு காகிதம் அச்சாகும். அளவு எட்டுக்குக் கீழே இருப்பவர்களை வண்டி வைத்துத் தேடிப்போய்க் கூட்டிவர ஒரு பெயர்ப் பட்டியல். எந்த நாட்டில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு ரத்தசோகை என்று இன்னொன்று. நாற்பதைத் தாண்டிய நாட்டுக்கு இரும்புச்சத்து ஊசி முகாம் வரும்.

குறியீடு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லும் அந்தப் பேட்டர்னில் நீ எழுதியது: எழுத்து, கோடு, இரண்டு எண், கோடு, இரண்டு எண், கோடு, ஓர் எண், அத்தோடு முடிய வேண்டும். அந்த முடிவுக் குறியை நீ காரணத்தோடுதான் போட்டாய். முதல் சுற்றில் தட்டச்சு செய்தவர்கள் குறியீட்டுக்குப் பின்னால் புள்ளி, கணவர் பெயர், போன் நம்பர் என்று கண்டதையும் ஒட்டியிருந்தார்கள். உனக்கு வந்த கோபம் எனக்கு நினைவிருக்கிறது.

அறுபத்தொரு வரியையும் திறந்து பார்த்தேன். எல்லாமே திருப்புலி நாடு, எல்லாமே மூன்றாம் சுற்று. எல்லாவற்றின் வாலிலும் கூடுதலாக ஓர் எழுத்து. திபு-02-05-3கா. திபு-04-13-3கா. தட்டச்சுப் பிழை அறுபத்தொரு முறை ஒரே மாதிரி வராது. உங்கள் நாட்டுக்கு ரத்தம் எடுக்கப் போகிறவள் பாவாயி அக்கா ஒருத்திதான். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே போனேன்.

குச்சிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். நவம்பர், டிசம்பரில் சாமை கதிர் பிடித்ததும் உங்கள் பக்கம் குடும்பம் குடும்பமாகக் காட்டுக் கொட்டாய்க்குக் காவலுக்குப் போய்விடுவார்கள் அல்லவா, பகலில் குருவிக்கு, இரவில் பன்றிக்கு? மற்ற நாடுகளில் நம் ஆட்கள் பூட்டிய கதவைப் பார்த்ததும் 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். பாவாயி அக்கா மட்டும் கொட்டாய் கொட்டாயாக ஏறி இறங்கியிருக்கிறாள். 'ஊட்டுல இருந்தவங்களையும் காட்டுல இருந்தவங்களையும் ஒண்ணாப் போட்டாக் கொழம்பிருமுன்னுதான் கண்ணு, காட்டுல எடுத்ததுக்குக் கா போட்டேன். தப்புங்களா?' என்று கேட்டாள். நம் எல்லோரிலும் ஒழுங்காக வேலை பார்த்தவள் அவள்தான். அவள் பொறுப்பாகச் சேர்த்த ஓர் எழுத்துக்காக நாம் அறுபத்தொரு பேரைக் கணக்கிலிருந்தே துடைத்துவிட்டோம்.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். குறியீடு பொருந்தாவிட்டால் அந்த நான்கு பத்தியும் வெறுமையாக விழும், அவ்வளவுதான். அப்படியே விட்டிருந்தால் அட்டவணையைப் பார்க்கிற யார் கண்ணிலும் பட்டிருக்கும். வெற்று வரிகளை நீக்கு என்று அடுத்த வரியை எழுதியவள் நான். திரை முழுக்கச் சிவப்பாக வருகிறதே என்று எரிச்சல்பட்டு, வார்னிங் எதையும் காட்டாதே என்று ஸ்கிரிப்டின் தலையில் ஒரு வரி சேர்த்தவளும் நான். இந்த முறை அந்த வரியை ஓட்டாததால்தான் சிவப்பு தெரிந்தது. ஆக நீ செய்தது ஒன்று, நான் செய்தது இரண்டு. இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதத்தான் கை கூசுகிறது. ஜனவரியில் பாவாயி அக்கா அலுவலகத்துக்கு வந்து, ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, 'அந்தப் புள்ள பேரு பட்டியல்ல காணோமுங்களே' என்று கேட்டாள். நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. கம்ப்யூட்டர் பார்த்துத்தான் பெயர் எடுக்கிறது அக்கா, அதற்குத் தெரியாததா என்றேன். 'படிச்சவங்க சொன்னாச் செரிங்க' என்று போய்விட்டாள்.

கணக்கைக் கேள். மூன்றாம் சுற்றில் உங்கள் நாட்டில் ரத்தம் எடுத்தது நூற்று நாற்பத்தெட்டுப் பேருக்கு. நாம் கணக்கில் வைத்தது எண்பத்தேழு பேர், அதில் ரத்தசோகை இருபத்தேழு பேருக்கு. நூற்றுக்கு முப்பத்தொன்று, முகாம் வேண்டாம் என்று எழுதிவிட்டோம். விட்டுப்போன அறுபத்தொரு பேரில் நாற்பத்தாறு பேருக்கு ரத்தசோகை. அவர்களையும் சேர்த்தால் நூற்றுக்கு நாற்பத்தொன்பது. ஏப்ரலில் முகாம் போன ஐந்து நாடுகளில் இரண்டுக்கு இதைவிடக் குறைவு.

இரண்டாவது முகாம் பட்டியலை இந்த மாதம் 29ஆம் தேதி நாமக்கல் ஆய்வுக் கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள். அதற்குப் பிறகு அடுத்த ஆண்டுதான். நான் திருத்தக் குறிப்பு எழுதி அந்தக் கூட்டத்தில் வைக்கப் போகிறேன். அந்த ரத்தசோகை அறிக்கையில் நம் இருவர் பெயரும் இருக்கிறது, அதனால் குறிப்பிலும் இருவர் பெயரும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அக்டோபரில் உன் உதவித்தொகைக்கு மறு ஆய்வு இருப்பது எனக்குத் தெரியும். இந்த அறிக்கையைக் காட்டித்தான் அந்த இடம் உனக்குக் கிடைத்தது என்பதும் தெரியும். உன் பெயரை உன்னைக் கேட்காமல் நானாகப் போட மாட்டேன். ஆனால் குறிப்பு போகும்.

அந்த அறுபத்தொன்றில் உனக்குத் தெரிந்த பெயர்கள் இருக்கின்றன. யாருடைய ரத்த அளவையும் அவர்களைக் கேட்காமல் எழுதுவது முறையில்லை, அதனால் இப்போது எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு, அல்லது கூப்பிடு.

அன்புடன்,
மெர்சி


செம்மேடு
செப்டம்பர் 21, ஞாயிறு

அன்புள்ள கோகிலாவுக்கு,

வியாழக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

நீ சொன்னது நியாயமாகவே இருந்தது. ஒரு மாசம் பொறுடி, என் மறு ஆய்வு முடியட்டும், அப்புறம் நானே எழுதித் தருகிறேன் என்றாய். உன் வீட்டில் முதன்முதலாகப் பத்தாவது தாண்டியவள் நீ, இந்த இடம் போனால் இன்னொன்று கிடைக்காது என்றாய். எல்லாம் உண்மை. நான் ஆத்தூரில் வாத்தியார் வீட்டில் பிறந்தவள், எனக்கு இந்த வேலை போனால் அப்பா இன்னொரு பரீட்சைக்குப் புத்தகம் வாங்கித் தருவார். உன் நிலைமையும் என் நிலைமையும் ஒன்றில்லை என்பது எனக்கும் தெரியும் கோகிலா. ஆனால் பட்டியல் 29ஆம் தேதி மூடுகிறது. உன் ஒரு மாதம் அங்கே ஓர் ஆண்டு.

ஓம்பிரகாஷ் சாரிடமும் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. அடுத்த சுற்றில் சரி செய்துகொள்ளலாமே என்றார். இந்த மனிதர் எதற்குமே 'அடுத்த சுற்றில்' என்றுதான் சொல்வார், கல்யாணத்தையும் அப்படித்தான் தள்ளிப்போட்டிருப்பார். குறிப்பை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். நீங்கள் அனுப்பாவிட்டால் நானே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

ஸ்கிரிப்டைத் திருத்தி, நீயும் திறந்து பார்க்கிற நம் பொதுக் கோப்புறையில் போட்டுவிட்டேன். முடிவில் கா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று பேட்டர்னை மாற்றினேன். அந்த எழுத்தைத் தூக்கி எறியவில்லை, ஐந்தாவதாக ஒரு பத்தி வைத்து அதில் போட்டேன். வீடு, காடு. வார்னிங்கை மறைக்கும் வரியை அழித்தேன். உள்ளே போன வரிகளின் எண்ணிக்கையும் வெளியே வந்த வரிகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடு என்று ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறேன். மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன், பிறகு நூற்று நாற்பத்தெட்டுப் பேரையும் பாவாயி அக்காவின் நோட்டோடு ஒவ்வொன்றாகக் கையாலும் ஒப்பிட்டேன். இப்போது ஐந்தாவது பத்தியை வைத்துப் பிரித்தால், வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு முப்பத்தொன்று, காட்டில் இருந்தவர்களில் எழுபத்தைந்து. இரண்டு மாதம் கூழும் கிழங்கும் மட்டும் தின்று, மாத்திரை கையில் இல்லாமல், தண்ணீருக்கு ஓடை வரை இறங்கி ஏறுகிற பெண்ணுக்கு வேறெப்படி இருக்கும்? பாவாயி அக்காவுக்கு இது அப்போதே தெரிந்திருக்கிறது. அதனால்தான் தனியாகக் குறித்திருக்கிறாள்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

ஜனவரியில் பாவாயி அக்கா கேட்ட பெயர் அத்தாயி. உன் அண்ணி.

வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருந்தால் நீ அன்றைக்கே சம்மதித்திருப்பாய், எனக்குத் தெரியும். அதைக் காட்டி உன்னை மடக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது அவளே எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். டிசம்பர் 12, காட்டுக் கொட்டாயில், ஐந்தாம் மாதத்தில் உன் அண்ணிக்கு 6.4 இருந்திருக்கிறது. அந்த மாதம் பட்டியல் அச்சானதும் நீ முதலில் தேடியது அவள் பெயரைத்தான். இல்லை என்றதும், அப்பாடா, அண்ணிக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். ஏப்ரலில் கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா இவ்வளவு ரத்தக்குறைவை இத்தனை நாள் எப்படி விட்டீர்கள் என்று கேட்டபோது, டிசம்பரில் நல்லாத்தான் இருந்துச்சுங்க என்று பதில் சொன்னவளும் நீதான். நான் உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். குறைமாதத்தில் பிறந்த அந்தக் குழந்தை இரண்டு நாள் இருந்தது.

முகாமும் வண்டியும் வந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல நம்மிடம் கணக்கு இல்லை. வண்டி போயிருக்க வேண்டும், போகவில்லை. அதற்கு நாம்தான் காரணம். இது மட்டும் எனக்கு நிச்சயம்.

நான் பேசி முடிக்கும் வரை உன் அண்ணி, மிளகுக் கொடிக்குக் கட்டு போட்டுக்கொண்டிருந்தவள் அந்த நாரை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். அப்புறம் சொன்னாள்: 'வண்டி வரும், கூட்டிட்டுப் போவாங்கன்னு பாவாயக்கா சொல்லிட்டுப் போச்சுங்க. நானும் மாத்துத்துணி எல்லாம் ஒரு பையில எடுத்து வெச்சுட்டு இருந்தேன். நாலஞ்சு நாள் பாதையவே பாத்துட்டு இருந்தேனுங்க. வண்டி வரலீங்க. செரி, நமக்கு ஒண்ணுமில்லையாட்ட இருக்குதுன்னு பையைப் பிரிச்சுட்டேன்.'

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன் கோகிலா. அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கோபித்துக்கொள்வாள், திட்டுவாள் என்று மனதைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு, 'கோகிலாவுக்குத் தெரியுமுங்களா?' என்று கேட்டாள். இன்னும் அவள் பெயரைச் சொல்லி உனக்கு எழுதவில்லை என்றேன். 'எழுதுங்க. நாஞ் சொன்னா அழுதுருவேன். அந்தப் புள்ளையும் அழும்' என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் கிளம்பும்போது, இன்னொன்றையும் சொன்னாள். அவள் மறுபடியும் மாசமாக இருக்கிறாள். நாலாம் மாதம். போன தடவை ஆனதுபோல் ஆகிவிடுமோ என்ற பயத்தில் உனக்கோ உன் அம்மாவுக்கோ இன்னும் சொல்லவில்லையாம், உன் அண்ணன் வேல்முருகனுக்கு மட்டும் தெரியும். அன்றைக்கே பாவாயி அக்காவை வைத்து ரத்தம் பார்த்தோம். 7.1.

அதனால் நான் பொறுக்க முடியாது. நீ கையெழுத்துப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, 29ஆம் தேதி காலை நான் நாமக்கல்லில் இருப்பேன். குறிப்பில் என் இரண்டு தவறுகளையும் என் பெயரில் எழுதியிருக்கிறேன். பேட்டர்னைப் பற்றி, எழுதப்பட்டது என்று மட்டும் இருக்கிறது, யாரால் என்று இல்லை. இது தியாகம் ஒன்றும் இல்லை. நீ சொல்ல வேண்டியதை உனக்காக நான் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

அண்ணியை நினைத்து ராத்திரி எல்லாம் முழித்துக்கொண்டு கிடக்காதே. சாப்பிடு. அதற்கப்புறம் முடிவு செய்.

உன்மேல் கோபம் தீராத, பிரியமும் குறையாத
மெர்சி


நாமக்கல் பஸ் நிலையம்
செப்டம்பர் 30, செவ்வாய்

அன்புக் கோகிலா,

நேற்று இரவு அத்தை வீட்டில் தங்கிவிட்டேன். மலைக்கு முதல் பஸ் கிளம்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், தபாலுக்குக் காத்திருக்காமல் போட்டோ எடுத்து இப்போதே உன் போனுக்கு அனுப்பிவிடுவேன்.

திருப்புலி நாடு பட்டியலில் ஏறிவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

சனிக்கிழமை சாயங்காலம் ஓம்பிரகாஷ் சார் கூப்பிட்டனுப்பினார். குறிப்பை நாலு முறை படித்திருப்பார் போல, ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. வீட்டுக்குப் போயும் இதுவேதான் நினைப்பாக இருக்கிறது மெர்சி என்றார். கையெழுத்துப் போட்டு, ரெண்டு பேருமாப் போய்த் திட்டு வாங்குவோம், ஜீப்பில் இடம் இருக்கிறது என்றார். நான் அவர் கல்யாணத்தைப் பற்றி எழுதியதை இத்துடன் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கூட்டத்தில் திட்டு சரியாகத்தான் கிடைத்தது. தலைமை வகித்த அம்மா, ஒன்பது மாதமாக யாருமே பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்க்கவில்லை அம்மா, பார்க்க விடாமல் செய்தது நான் எழுதிய வரி என்றேன். இப்போது சொல்வது மட்டும் சரியென்று எப்படி நம்புவது என்று கேட்டார். பாவாயி அக்காவின் நோட்டை மேசையில் வைத்து, எந்தப் பெயரை வேண்டுமானாலும் எடுங்கள் என்றேன். அவர் ஆறு பெயர்களைத் தொட்டார். ஆறும் பொருந்தியது. அப்படியும் அறிக்கை எழுதிய இன்னொருவர் எங்கே, அவர் இதை ஒப்புக்கொள்கிறாரா என்று பக்கத்திலிருந்த அதிகாரி கேட்டார். அப்போதுதான் ஓம்பிரகாஷ் சார் தன் போனை நீட்டினார். நீ காலை ஒன்பது நாற்பதுக்கு அனுப்பிய மெயில்.

அதை அந்த அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். 'குறியீட்டைப் பிரிக்கும் பேட்டர்னை எழுதியவள் நான். களத்தில் கூடுதல் விவரம் எழுத வாய்ப்பு உண்டு என்று யோசிக்காதது என் தவறு. மெர்சியின் திருத்தத்தை வரி வரியாகச் சரிபார்த்தேன், சரியாக இருக்கிறது. இதன் நகலை என் பேராசிரியருக்கும் அனுப்பியிருக்கிறேன்.' நான்கே வரி. அந்த நான்காவது வரி இருக்கிறதே, அதை நீ எழுத வேண்டிய அவசியமே இல்லை. அதற்கப்புறம் கூட்டத்தில் கேள்வி இல்லை.

முகாம் அக்டோபர் 14 முதல். வண்டி அதற்கு முன்பே போகிறது, எட்டுக்குக் கீழே இருப்பவர்களை இந்த வாரமே கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். நவம்பரில் எட்டு நாடுகளிலும் கொட்டாய்க்குப் போய்த்தான் ரத்தம் எடுக்க வேண்டும், எப்படி எடுப்பது என்று மற்றவர்களுக்குப் பாவாயி அக்காதான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. இதைக் கேட்டால் அவள் வெட்கப்பட்டு உள்ளே ஓடிவிடுவாள். எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வருமாம். டிசம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிப்பார்களா தெரியாது. புதுப்பிக்காவிட்டாலும் அந்த நாலாம் சுற்றை முடிக்காமல் நான் மலையை விட்டு இறங்குவதாக இல்லை.

உன் பேராசிரியர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. கடுமையாக ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுது. நான் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் செய்வேன்.

வண்டிப் பட்டியலில் உன் அண்ணி பெயர் நான்காவது. நான் கையால் சேர்க்கவில்லை, ஸ்கிரிப்டே எடுத்துக் கொடுத்தது. நேற்று மத்தியானமே பாவாயி அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். அவள் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறாள். இந்த முறை பையைக் கட்டச் சொன்னால் உன் அண்ணி கட்டவில்லையாம். 'வண்டி வந்து வாசல்ல நிக்கட்டுமுங்க, அப்பறம் கட்டிக்கறேன்' என்றாளாம். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? வியாழக்கிழமை அந்த வண்டியில் நானே போகிறேன். வாசலில் நிற்பேன்.

கோகிலா, கூட்டத்துக்கு எழுத வேண்டியதை நீ எழுதிவிட்டாய், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் என் இரண்டாம் கடிதம் கிடைத்து நான்கு நாளாவது ஆகியிருக்கும், நீ வீட்டுக்குப் பேசவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நானும் உங்கள் வீட்டு வாசலுக்குப் போகிறவரை அப்படித்தான் இருந்தேன். உன் அண்ணி என்னிடம் உன்னைப் பற்றி வேறொன்றும் கேட்கவில்லை. அவள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓடைக்கு மேலே உள்ள பாறையில் ஏறி நிற்கிறாள், அங்கேதான் டவர் கிடைக்கிறது, ஐந்து நாளாக இப்படித்தான் என்று பாவாயி அக்கா சொன்னாள். மாசமாக இருக்கிற பெண், பாறை மழையில் வழுக்குகிறது. கர்த்தர் உனக்குத் தைரியம் கொடுப்பாராக. நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், கணக்குச் சொல்ல வேண்டாம். இன்றைக்கு ஆறு மணிக்கு அண்ணி என்று ஒரு வார்த்தை கூப்பிடு. அவள் இறங்கி வீட்டுக்குப் போகட்டும்.

உன்
மெர்சி